கைல நாலு லட்சம், ஆசை டிராக் டே: ஆக்டேவியா விஆர்எஸ்ல எதை மாத்தணும், எதை விடணும்?

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு காரைக்குடி பக்கம் கோட்டையூர். செகண்ட்ஸ்ல ஒரு ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 245 எடுத்துருக்கேன், எல்லாமே ஸ்டாக்தான். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல டிராக் டே (நம்ம சொந்தக் கார டிராக்ல ஓட்ட விடுற நாள்) ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை, இதுவரைக்கும் டிராக் பக்கமே போனதில்ல. கைல நாலு லட்சம் வச்சிருக்கேன். டியூனர் ஒருத்தர் ஸ்டேஜ் 2 மேப் (பவர் கூட்டுற எஞ்சின் சாஃப்ட்வேர்), டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக் குழாய்), இன்டேக் (எஞ்சினுக்குக் காத்து போற குழாய்), கார தாழ்த்துற லோயரிங் ஸ்பிரிங், 19 இன்ச் அலாய் எல்லாம் சேத்து அந்தக் காசுக்குள்ள முடிச்சுத் தாரேன்னு சொல்றாக. இதே கார்லதான் அப்பத்தாவ பிள்ளையார்பட்டிக்கும் கூட்டிட்டுப் போகணும். என்ன பண்ணலாம்? ஓட்டிப் பழக நம்ம செட்டிநாடு ஏர்ஸ்ட்ரிப் பத்துமாண்ணே?

பதில்: தம்பி, அந்த லிஸ்ட்ட அப்படியே மடிச்சு வைங்க. அதுல இருக்குற அஞ்சுல ஒன்னு கூட உங்க கார நிறுத்தாது, எல்லாமே ஓட வைக்கிற சாமானும் அழகுக்குப் போடுற சாமானும்தான். உங்க கார் 2020ல இந்தியாவுக்கு 200 எண்ணம் மட்டும் வந்த வண்டி, 245 பிஎஸ், 370 என்எம், அதுவும் முழுசா முன் வீல்ல இறங்குது. டிராக்கே பாக்காத ஒருத்தருக்கு இது ஏற்கனவே ஜாஸ்தி பவர். நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒரு ஆளு பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐல, அதாவது 105 பிஎஸ்ல, உங்களத் திருப்பத்துக்குத் திருப்பம் பிடிச்சுருவாரு, நீங்க நேர் ரோட்டுல மட்டும் அவர விட்டுட்டு ஓடுவீங்க, அப்புறம் பிரேக் போடுற இடத்துல மறுபடி அவரு உங்க பம்பர் பின்னாடி நிப்பாரு. அதனால காசு போக வேண்டிய வரிசை பிரேக், டயர், சூடு, அப்புறம் நீங்க, கடைசியா வேணும்னா எஞ்சின்.

பிரேக்க ஏன் முதல்ல சொல்றேன்னா, ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்க உக்காந்தா கார் ஒன்னரை டன் பக்கம் வரும். தேவகோட்டை ரோட்டுல 60ல போயி ஆடு குறுக்க வந்துருச்சுன்னு சுத்தமா நிறுத்துனா பிரேக் முழுங்குற எனர்ஜி சுமாரா 0.2 மெகாஜூல். அதே கார் டிராக்ல நேர்கோட்டு முடிவுல 180ல வந்து 80க்குக் குறைச்சாலே 1.5 மெகாஜூல், ஏழு மடங்கு. ரோட்டுல அந்த மாதிரி ஒரு தடவ அடிச்சா அப்புறம் அஞ்சு நிமிஷம் டிஸ்க் காத்து வாங்கும், டிராக்ல அடுத்த திருப்பம் உடனே வந்துரும், அது முடிஞ்சா இன்னொன்னு. இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுத்து 3.717 கிமீ, 12 திருப்பம், எல்லாத்துலயும் முரட்டு பிரேக் இல்லைன்னாலும் டிஸ்க்குக்கு ஓய்வு கம்மிதான்.

இப்ப அந்தச் சூடு எங்க போகும்? டிஸ்க்லேருந்து அதப் பிடிக்கிற பேடுக்கு, பேடுலேருந்து அதத் தள்ளுற காலிப்பர் பிஸ்டனுக்கு, அங்கேருந்து பிரேக் ஆயிலுக்கு. கம்பெனில ஊத்துற டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு விதி, ஆனா பிரேக் ஆயில் காத்துலேருந்து ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், 3.7 சதம் தண்ணி சேந்துருச்சுன்னா அதே ஆயிலுக்கு விதிப்படி 155 டிகிரி தாங்குனாலே போதும்னு ஆயிருது. செகண்ட்ஸ்ல எடுத்த கார்ல பழைய ஓனர் எப்ப மாத்துனாருன்னு யாருக்குத் தெரியும். கொதிச்சா ஆயிலுக்குள்ள ஆவிக் குமிழி வரும், திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், நீங்க மிதிக்கிற மிதி பூரா அந்தக் குமிழிய அமுக்குறதுலயே போயிரும், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். மூணாவது சுத்துல முதல் திருப்பத்துக்கு வரும்போது இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னொரு வகையும் இருக்கு, பெடல் கல்லு மாதிரி நிக்கும் ஆனா கார் நிக்காது, அது ஆயில் இல்ல, பேடு சூடு தாங்காம பிடிமானம் விட்டது. ரெண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கங்க, ஏன்னா மருந்து வேற வேற.

ஆக முதல் செலவு, 300 டிகிரிக்கு மேல தாங்குற ரேஸிங் டாட் 4 ஆயில். மொத்த கார் மாடிஃபிகேஷன்லயே மலிவானது இதுதான், சில ஆயிரத்துல முடிஞ்சுரும். டாட் 5ன்னு யாராவது நம்பர் பெருசா இருக்குன்னு எடுத்து நீட்டுனா வாங்காதீங்க, அது சிலிக்கான், உங்க சிஸ்டத்துல கலக்கக் கூடாது, 5.1 வேற 5 வேற. நாலு வீல்லயும் பழசு முழுசா வெளிய வர்ற வரைக்கும் பிளீட் பண்ணச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு டியூப்பப் பாருங்க, முதல்ல டீ டிகாஷன் நிறத்துல வரும், கடைசில வெளிர் மஞ்சளா குமிழி இல்லாம வரணும். மெக்கானிக் டப்பால மேல மட்டும் மாத்திட்டு முடிஞ்சுதும்பாரு, ஒத்துக்காதீங்க. ரேஸிங் ஆயில் ரோட்டு ஆயில விட சீக்கிரம் மாத்தணும், வருஷம் ஒரு தடவைன்னு வச்சுக்கங்க.

ரெண்டாவது பேடு. சுத்த ரேஸ் பேடு வேணாம், அது சூடானாத்தான் பிடிக்கும், காலைல குளிர்ந்த பிரேக்கோட அப்பத்தாவ வச்சுக்கிட்டு கோயில் வாசல்ல மிதிச்சா வழுக்கும், கிறீச்சுன்னு ஊரையே கூப்பிடும். ரோடு-டிராக் ரெண்டுக்கும் சேத்து செய்யுற பேடு கிடைக்குது, முன்னாடி மட்டும் போட்டாலும் ஆரம்பத்துக்குப் போதும். புதுப் பேடு போட்டா நேரா போயி அழுத்தாதீங்க, பெட்டிங் பண்ணணும், மிதமான வேகத்துலேருந்து பல தடவ குறைச்சு ஆனா முழுசா நிறுத்தாம சூடு ஏத்தி, அப்புறம் பிரேக் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடணும், எத்தனை தடவன்னு பேடு டப்பாலயே போட்டுருக்கும். டிஸ்க் ஓரத்துல விளிம்பு தட்டியிருந்தாலோ வெடிப்புக் கோடு தெரிஞ்சாலோ டிஸ்க்கையும் சேத்து மாத்துங்க. பெரிய பிரேக் கிட்டுன்னு ஆறு பிஸ்டன் காட்டி லட்சக்கணக்குல சொல்லுவாங்க, இப்போதைக்கு அது தேவையில்ல.

டயர். 225/40 18 இன்ச்தானே இருக்கு, அதுலயே இருங்க. 19 இன்ச் போட்டா வீல் வெயிட்டு கூடும், டயர் பக்கச் சுவர் சின்னதாகும், நம்ம ஊருல ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர், அதுல பாதிக்குப் பெயிண்ட்டே இருக்காது, ஒரு ராத்திரி அடிச்சா அலாய் வளைஞ்சுரும். அந்தக் காசுக்கு நல்ல பிராண்டுல பிடிமானம் கூடின ரோடு டயர் நாலு போடுங்க. பக்கத்துல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது, அந்த மாதிரி வயசான டயர் எவ்வளவு பட்டன் இருந்தாலும் டிராக்குக்கு ஆகாது, ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

டயர்ல காத்து விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. டிராக்ல அஞ்சு சுத்துல ஆறேழு பிஎஸ்ஐ தானா ஏறும், அதனால கார் கதவுல ஒட்டியிருக்குற அளவ விட மூணு நாலு குறைச்சு ஆரம்பிச்சு, செஷன் முடிஞ்சு பிட்டுக்கு (டிராக் ஓரத்துல கார் நிறுத்துற இடம்) வந்த உடனே, டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி, அளந்து பாத்து சரி பண்ணுங்க. இந்த மாதிரி கனமான முன் வீல் கார்ல சூட்டுல 36, 38 பக்கம் நின்னா நல்ல ஆரம்பம். டயர் ஓரத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டு விடுங்க, வெளிப் பக்கச் சுவர் வரைக்கும் கோடு அழிஞ்சுருந்தா டயர் படுத்துக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம், காத்து பத்தலை. கோடு மேலயே நிக்குதுன்னா காத்து ஜாஸ்தி. வீட்டுக்குக் கிளம்பும்போது டயர் ஆறுன பிறகு பழைய அளவுக்கு ஏத்திக்கங்க, 400 கிமீக்கு மேல ஹைவே இருக்கு.

சூடு. உங்க 2.0 எஞ்சின்ல தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஹவுசிங் பிளாஸ்டிக், அது ஒழுகுறது இந்த எஞ்சின் குடும்பத்துக்கே பேர் போன வியாதி. கூலன்ட் டேங்க் லெவல் மெல்ல இறங்கிக்கிட்டே இருக்கா, எஞ்சின் ஓரத்துல ரோஸ் கலர்ல காஞ்ச கறை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா டிராக்குக்கு முன்னாடி அத மாத்துறதுதான் உங்க உண்மையான பெர்ஃபார்மன்ஸ் பார்ட். எஞ்சின் ஆயில் புதுசா ஊத்தி மேல் கோடு வரைக்கும் வைங்க, கோட்டத் தாண்டாம. நீளமான திருப்பத்துல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், லெவல் கம்மியா இருந்தா பம்ப் காத்த உறிஞ்சும். உங்க டிஎஸ்ஜி ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்துனதுன்னு பில் இல்லையா, மாத்திருங்க. சித்திரை வெயில்ல போகாதீங்க, தை மாசியில காலை செஷன் பிடிங்க, வெயில்ல டர்போ காத்த ஆத்துற இன்டர்கூலர் சூடு ஏறி ரெண்டாவது செஷன்லயே ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், தானா பவரக் குறைச்சுரும், ஸ்டேஜ் 2 போட்டாலும் அதே கதிதான், இன்னும் சீக்கிரம்.

அந்த ஸ்டேஜ் 2 பத்தி சட்டத்தையும் சொல்லிர்றேன். டவுன்பைப்ல புகையச் சுத்தம் பண்ணுற கேட்டலிடிக் கன்வர்டர எடுத்துருவாங்க, அதோட ரோட்டுல ஓட்டக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ படி அனுமதியில்லாம வண்டிய மாத்துன ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். மேப்போட பாப்ஸ் அண்ட் பேங்ஸும் ஏத்தித் தாரேம்பாங்க, எரியாத பெட்ரோல எக்ஸாஸ்ட்ல வெடிக்க விடுற அந்தச் சத்தத்துக்கு டர்போவும் கேட்டலிடிக் கன்வர்டரும்தான் பலி, தெருவுல இருக்குற கைக்குழந்தையும். லோயரிங் ஸ்பிரிங்க ஸ்டாக் டேம்பரோட (ஷாக் அப்சார்பர்) போட்டா டேம்பர் பாதி ஆட்டத்துலயே பம்ப் ஸ்டாப்ங்குற கடைசி ரப்பர்ல முட்டும், சீக்கிரம் செத்தும் போகும். அதுக்குப் பதிலா நல்ல அலைன்மென்ட் கடைல முன்னாடி டோ (வீல் உள்ள வெளிய திரும்பி நிக்குற அளவு) கிட்டத்தட்ட ஜீரோ, ரெண்டு பக்கமும் கேம்பர் (வீல் சாஞ்சு நிக்குற அளவு) சமமா வர மாதிரி வைங்க, பிரின்ட்அவுட் கேட்டு வாங்குங்க.

காப்பீட்டையும் மறந்துறாதீங்க. சாதாரண கார் பாலிசில ரேஸ், ஸ்பீடு டெஸ்ட்டுன்னு எழுதி விலக்கு வச்சிருப்பாங்க, டிராக்ல சுவத்துல போய் மோதுனா செலவு உங்க கைக்காசு. நாலு லட்சத்துல ஒரு லட்சத்த அதுக்குன்னே தொடாம வச்சிருங்கன்னு சொல்லுவேன்.

மிச்சக் காச உங்க மேல போடுங்க. டிராக் டேல இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல உக்கார்ற வசதி இருந்தா கூச்சப்படாம எடுங்க. இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னாடி கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேல ஆரம்பிச்சா இன்னும் நல்லது, 2.1 கிமீ சின்ன டிராக், வேகம் கம்மி, நமக்குத் தூரமும் கம்மி. ஈஎஸ்சிய (கார் சறுக்காம பிடிக்கிற எலக்ட்ரானிக் சிஸ்டம்) ஆஃப் பண்ணாதீங்க, ஸ்போர்ட்ல வைங்க. டேஷ்போர்டு பிள்ளையார், உள்ள கெடக்குற தண்ணி பாட்டில், ஃப்ளோர் மேட் எல்லாத்தையும் முந்தின நாளே இறக்கிருங்க, பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடில போனா அத்தோட சரி. ஒரு செஷனுக்கு நாலஞ்சு சுத்து, அதுல கடைசிச் சுத்து பிரேக் தொடாம மெதுவா, பிட்ல நிறுத்துனா ஹேண்ட்பிரேக் போடாதீங்க, சூட்டுல பேடு டிஸ்க்ல ஒட்டும், பார்க்ல போட்டு வீலுக்குக் கட்டை வைங்க. இந்த மாதிரி நாலஞ்சு டிராக் டே ஓட்டுன அப்புறமும் பவர் பத்தலைன்னு தோணுச்சுன்னா ஸ்டேஜ் 1, அதாவது சாமான் மாத்தாம மேப் மட்டும், பேசலாம், ஸ்டேஜ் 2 அப்பவும் வேணாம்.

ஏர்ஸ்ட்ரிப் வேண்டவே வேண்டாம் தம்பி. ரெண்டாம் உலகப்போர் காலத்துல போட்ட ஓடுதளம், டிராக்குன்னு நெனச்சுப் போட்டது இல்ல. மார்ஷல் இல்ல, ஆம்புலன்ஸ் இல்ல, எதிர்ல இன்னொரு பையன் வேற கார்ல இதே ஐடியாவோட வந்தா நிறுத்தச் சொல்ல ஆளில்ல, ஆடு மாடு வேற. அதோட நேர் ரோட்டுல 180 தொட்டுப் பழகுறது டிராக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அங்க கத்துக்க வேண்டியது எங்க பிரேக் பிடிக்கிறது, எப்ப விடுறதுங்குறதுதான்.