கேஸ் ஷீட்டில் இனி ஒரு வரியும் எழுதாதீர்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் 21 ஆண்டுகளாக மகப்பேறு மருத்துவமனை நடத்தி வருகிறேன். வலிப்பு நோய்க்காகக் கோவை நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்த சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையைச் சாப்பிட்டு வந்த பெண்ணுக்கு, முதுகுத்தண்டுப் பிளவுடன் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு இப்போது 11 மாதம். 30 லட்சம் ரூபாய் கேட்டு ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுள்ளார்கள். 12 நாட்களுக்கு முன் நோட்டீஸ் வந்தது. நரம்பியல் மருத்துவரை வழக்கில் சேர்க்கலாமா? நான் வாய்மொழியாகக் கொடுத்த எச்சரிக்கையைக் கேஸ் ஷீட்டில் இப்போது பதிவு செய்யலாமா?

பதில்: டாக்டரம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகளுக்கும் நீங்களே பிரசவம் பார்த்தது, உறவினர்கள் வரவேற்பறையில் நின்று கத்தியது, வாட்ஸ்அப்பில் உங்கள் படத்தைப் போட்டது ஆகிய எல்லாவற்றையும் படித்தேன். இவற்றில் எதுவும் ஆணையத்தின் முன் பயன்படாது. போலீசுக்குப் போவோம் என்ற மிரட்டலுக்கும் இப்போது அஞ்ச வேண்டியதில்லை; தகுதியான மருத்துவர் ஒருவரின் சார்பற்ற கருத்தைப் பெறாமல் மருத்துவர் மீது குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

கர்ப்பம் என்று 9-வது வாரத்தில்தான் வந்தார், அதற்குள் கெடுதல் நடந்துவிட்டது என்பது உங்கள் வாதம். மருத்துவ ரீதியாக அது வலுவானதே. கரு உருவான 28 நாட்களுக்குள் முதுகுத்தண்டின் குழாய் மூடிக்கொள்கிறது என்பதும், வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் உங்கள் மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: திருமணமாகிக் குழந்தை இல்லை என்று வந்த அந்தப் பெண்ணுக்குக் கருமுட்டை வளர்வதற்கான மாத்திரையை 7 மாதம் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். மாமியார் வெளியே போன நேரத்தில் தன் வலிப்பு நோயைப் பற்றி அவர் உங்களிடம் சொன்னதும், புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று கெஞ்சியதால் நீங்கள் அதை எழுதாமல் விட்டதும் அந்த 7 மாதத்துக்குள் நடந்தவை. அப்படியானால் வழக்கு 9-வது வாரத்தில் தொடங்கவில்லை. கரு உருவாவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பின்னும் கரு உருவாகவே மருந்து கொடுத்தீர்கள். வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை வருகிறது என்பதை அவரிடம் சொன்னதற்கும், மாத்திரையை மாற்றுவதற்காக நரம்பியல் மருத்துவரிடம் திருப்பி அனுப்பியதற்கும் எழுத்துச் சான்று இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரக்கத்தால் எழுதாமல் விட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் கேஸ் ஷீட் மாமியாருக்குக் காட்டும் காகிதம் அல்ல.

இனி, நான் அதிகம் அஞ்சுவதற்கு வருகிறேன். நடந்ததைத்தானே எழுதப் போகிறேன் என்று கேட்கிறீர்கள். என்னிடம் வந்த மருத்துவர்களில் வழக்கைத் தோற்றவர்களைவிட, தோற்கத் தேவையில்லாத வழக்கைத் திருத்தி எழுதித் தோற்றவர்கள்தான் அதிகம். ஒருவர், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிட்டு ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். அந்த லெட்டர்பேடில் அச்சாகியிருந்த தொலைபேசி எண், அந்தத் தேதிக்கு ஓராண்டு கழித்து வாங்கியது. அதற்குப் பின் அவருடைய சிகிச்சை சரியா தவறா என்று யாரும் பார்க்கவே இல்லை. உங்கள் ஓ.பி. சீட்டுகள் அந்தப் பெண்ணிடம் இருக்கின்றன, மருந்துக்கடை ரசீதுகள் இருக்கின்றன, ஒவ்வொரு பக்கத்தையும் கணவர் போனில் படம் எடுத்திருப்பார். கவனக்குறைவு என்பது காப்பீட்டு நிறுவனம் ஈடுகட்டக்கூடிய பொறுப்பு. பொய் ஆவணமோ குற்ற வழக்கையும் மருத்துவக் கவுன்சில் விசாரணையையும் சேர்த்தே கொண்டுவரும். அந்தக் குடும்பத்தார் எழுதிக் கேட்டும் கேஸ் ஷீட்டின் நகலைத் தராமல் கோபத்தில் வைத்திருக்கிறீர்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். இருப்பது இருக்கிறபடியே நகல் எடுத்து, பக்க எண்ணிட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

கோவை மருத்துவரை இழுத்துவிட வேண்டாம். அவர் வந்தால் தம்முடைய சீட்டையும் கொண்டுவருவார். குழந்தைக்குத் திட்டமிடும் முன் தன்னை வந்து பார்க்கும்படி அதில் ஒரு வரி இருந்துவிட்டால், எதிர்த்தரப்புக்கு நீங்களே சாட்சி தேடிக் கொடுத்தவர் ஆவீர்கள்.

சமாதானமாகப் போங்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் நம் பக்கத்து வழக்கப்படி, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வரவழைத்து, பணத்தைக் கையில் கொடுத்து, முத்திரைத்தாளில் குழந்தையின் தகப்பனாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் சமாதானம் இங்கே உதவாது. காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டாலோ பணம் கொடுத்தாலோ, உங்கள் இன்டெம்னிட்டி பாலிசி கைவிரித்துவிடும். நோட்டீஸ் வந்த செய்தியை இன்றே அவர்களுக்குத் தெரிவியுங்கள். அதைவிடப் பெரிய ஓட்டை குழந்தையின் உரிமை. பெற்றோரைப் போலவே குழந்தையும் நுகர்வோர்தான் என்று 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. மைனருக்குக் காலவரம்பு 18 வயதுக்குப் பிறகே ஓடத் தொடங்கும். வால்ப்ரோயேட்டின் பாதிப்பு முதுகோடு நிற்பதும் இல்லை. கருவில் அந்த மருந்துக்கு ஆட்பட்ட 100 குழந்தைகளில் 30 முதல் 40 பேருக்குப் பேச்சிலோ கற்றலிலோ வளர்ச்சிக் குறை தெரியவரும், அது 11 மாதத்தில் தெரியாது. தகப்பனார் இன்று போடும் கையெழுத்தைக் காட்டி, பத்து ஆண்டு கழித்து அந்தக் குழந்தையின் பெயரில் வரும் வழக்கை நீங்கள் தடுக்க முடியாது.

ஆகவே சமரசம் எதுவானாலும் அதை ஆணையத்தின் முன்பே வைத்து, அதன் உத்தரவாகப் பெறுங்கள். குழந்தையின் பங்கு தனியாகக் குறிக்கப்பட்டு, அதன் பெயரில் வங்கியில் வைப்பாக இருக்கட்டும். அந்த ஏற்பாடு குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று ஆணையத்தின் உத்தரவிலேயே பதிவாக வேண்டும். இடையில், புகாருக்கு எழுத்தில் தரும் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்வதை மறந்துவிடாதீர்கள். 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அந்த எதிருரையில் 9-வது வார வாதம் இருக்கட்டும். மருமகள் நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்ற பேச்சு மட்டும் ஓரிடத்திலும் வரக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்கள் சமரச மேசையிலிருந்து எழுந்து போய்விடுவார்கள்.