மகப்பேறு மருத்துவத்தில் நியாயம் என்றால் என்ன? எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் போதாதா?

எந்த ஊர், எந்தச் சாதி, எவ்வளவு வருமானம் என்று பாராமல், ஒவ்வொரு பெண்ணும் பாதுகாப்பாகப் பிள்ளை பெறவும் கருத்தடை பற்றித் தானே முடிவெடுக்கவும் வழி இருப்பதே நியாயம்.

ஒரே அளவு போதாது. பெரியாறு பாசனக் கால்வாயில் எல்லா மடையையும் ஒரே அளவு நேரம் திறந்துவிட்டால் மேலூர்ப் பக்கத்துக் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அங்கே கூடுதல் நேரம் விட வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஆட்டோவில் வந்துவிடும் பெண்ணுக்கும், சாப்டூர் மலையடிவாரத்தில், கணவர் வெளியூரில் இருக்க, வீட்டுப் பெரியவர்களின் சம்மதத்துக்குக் காத்திருந்து 108-ஐ அழைக்கும் பெண்ணுக்கும் அந்த நேரம் ஒன்றல்ல. முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் கவனிப்பதில் என மூன்று இடங்களில் தாமதம் நேர்கிறது. மூன்றாவதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்: பிரசவ அறையில் ஏச்சு வாங்கியவர், அடுத்த முறை வலி முற்றும்வரை வீட்டிலேயே இருந்துவிடக்கூடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைப்பதால் நியாயம் வந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். அது உடல் தேறப் பெரிதும் உதவும், ஆனால் நள்ளிரவில் வண்டியையோ, பணியில் மருத்துவரையோ, இரத்த வங்கியில் பொருந்தும் இரத்தத்தையோ கொண்டுவராது.