தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மத்திய அரசின் கள விளம்பரப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அது இருந்த தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், டிஏவிபி அலுவலகத்தையே இப்போது காணோமே, மூடிவிட்டார்களா?

மூடவில்லை. அரசு விளம்பரங்களைக் கவனித்த டிஏவிபி, எங்கள் கள விளம்பர இயக்குநரகம், பாட்டு நாடகப் பிரிவு மூன்றையும் 2017 டிசம்பரில் ஒன்றாக்கினார்கள். இன்று அதன் பெயர் மத்திய மக்கள் தொடர்பகம்.

கேள்வி: மூன்றுமே பிரசாரம்தானே அண்ணா, சேர்த்தால் என்ன தப்பு?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், தம்பி. பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பது மேஜை வேலை. எங்களுடையது ஜீப் வேலை. 16 எம்எம் புரொஜெக்டர், ஜெனரேட்டர், மடித்த வெள்ளைத் திரை, இவ்வளவுதான் சாமான். இருட்டியதும் கோயில் திடலில் படம் ஓடும். ரீல் மாற்றும் நேரத்தில் மைக்கைப் பிடித்து தட்டம்மை ஊசி பற்றிப் பேசுவேன். ஒருநாள் முன்வரிசையில் இருந்த பாட்டி எழுந்து, "ஊசி போட்டா புள்ளைக்குக் காய்ச்சல் வருதே, நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டார். கூடவே வந்திருந்த நர்சம்மா அரைமணி நேரம் விளக்கினார். அப்புறம்தான் அடுத்த ரீல். அந்தப் பாட்டியின் கேள்வியையும் அறிக்கையில் எழுதி மேலே அனுப்பினோம். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று டெல்லிக்குச் சொல்வதும் எங்கள் பொறுப்பில் இருந்தது.

பாட்டு நாடகப் பிரிவு வில்லுப்பாட்டு, தெருக்கூத்துக் குழுக்களுக்கு நிகழ்ச்சி கொடுத்தது. பல கலைஞர்களுக்கு அது அடுப்பெரிய உதவிய பணம். கணக்குப் பிரிவையும் கட்டடத்தையும் சேர்க்கட்டும், சரி. ஊருக்குப் போகிற ஆளைக் குறைக்கக் கூடாது.

கேள்வி: திரைப்படப் பிரிவுகளையும் இணைத்தார்களே?

ஆமாம். 2020 டிசம்பரில் அமைச்சரவை முடிவெடுத்தது. 1948-இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன், குழந்தைகள் திரைப்படச் சங்கம், திரைப்பட விழா இயக்குநரகம், புனேயில் உள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் நான்கும் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியோடு சேர்ந்தன. சொத்துகள் அரசிடமே இருக்கும் என்றும் சொன்னார்கள்.

என் கவலை காப்பகம் பற்றித்தான். என்எஃப்டிசி ஒரு கார்ப்பரேஷன், வரவு செலவு பார்த்தாக வேண்டும். பழைய பிரிண்டைக் குளிர்பதன அறையில் காப்பதில் வருமானம் கிடையாது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' மௌனப் படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. இருப்பதையாவது காப்பாற்ற காப்பகத்துக்குத் தனி நிதி வேண்டும்.

கேள்வி: ஐயா, மாத இதழ் தொடங்க ஆசை. கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டுமா?

முன்பு போல அலைய வேண்டாம். 1867-ஆம் வருஷப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. தலைப்புக்கும் பதிவுக்கும் பிரஸ் சேவா இணையதளத்தில் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். தைரியமாகத் தொடங்குங்கள்.

கேள்வி: இப்படி ஒரு அமைச்சகம் தேவைதானா?

பிரிட்டன் போர்க்காலத் தகவல் அமைச்சகத்தை 1946-இல் கலைத்துவிட்டது. நம் நாட்டில் கலைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தடுப்பூசி, பயிர்க் காப்பீடு, வெள்ள எச்சரிக்கை எல்லாம் கடைசி வீடு வரை போக ஆள் வேண்டும். ஆனால் தகவல் சொல்பவரும் செய்தியைக் கட்டுப்படுத்துபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. 1975-இல் நெருக்கடி நிலையின்போது வானொலி இந்த அமைச்சகத்தின் கையில் இருந்தது, அரசுக்குப் பிடிக்காத செய்தி அதில் வரவில்லை. வானொலியையும் தூர்தர்ஷனையும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கும் சட்டம் 1990-இல் நிறைவேறியும், நடைமுறைக்கு வர 1997 ஆனது. இன்றும் அந்த அமைப்புக்கான அரசுப் பணம் இந்த அமைச்சகத்தின் வழியாகவே போகிறது. சீரமைப்பு என்று வந்தால் முதலில் மாற்ற வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.