போமட் அடிக்க முதல் ஒருக்கா பாருங்கள்: நின்று போகும் கணினி பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியில் கணினி திருத்துவது என் தொழில். சோளகம் வீசத் தொடங்கியதில் இருந்து என்னிடம் வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு: "நல்லாத்தான் ஓடும், திடீரென்று நின்றுவிடும்." பல ஊர்களில் இருந்து கேட்டவர்களுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

பரந்தனில் இருந்து ஒரு தம்பி: அண்ணா, வீட்டுக் கொம்பியூட்டர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் சும்மா இருந்தாற்போல ஸ்டக் ஆகிறது. கடையில் கொடுத்து இரண்டு தரம் விண்டோஸ் அடித்தாயிற்று. ஒரு கிழமை ஓடும், பிறகு பழையபடிதான்.

மூன்றாம் தரம் அடிக்க விடாதீர்கள் தம்பி. இரண்டு தரம் புதிதாக அடித்தும் திரும்பி வருகிறதென்றால், பெட்டிக்குள்ளேயோ வீட்டுக் கரண்டிலேயோதான் தேட வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு தரமும் அதே பென்டிரைவில் இருந்த அதே கிராக் விண்டோஸையா போட்டார்கள்? அப்படியென்றால் அதற்குள்ளேயே வைரஸ் இருக்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய வேலை. எப்படி நிற்கிறது என்று பாருங்கள். படம் அப்படியே உறைந்து நிற்பது ஒன்று. கண் மூடித் திறக்க முதல் தானாக றீஸ்டார்ட் ஆவது இன்னொன்று. நீலத் திரை வருவது வேறு, முழுதாக அணைந்து போவது வேறு. நான்குக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றாக இராது. உறைந்து நிற்கும்போது கீபோட்டில் கப்ஸ் லொக்கை அழுத்துங்கள். அதன் லைட் பற்றி அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராமோ, பதில் சொல்லாத ஹாட் டிஸ்க்கோ, திரையை இயக்குகிற டிரைவர் மென்பொருளோ அதை மறித்து வைத்திருக்கிறது. லைட் அசையவே இல்லையென்றால் றாம் (கணினியின் தற்காலிக நினைவகம்), சூடு, பவர் சப்ளை, மதர்போட் என்ற வரிசையில் சந்தேகப்படலாம்.

பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். நின்ற நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் தண்ணி மோட்டர் ஓடியதா, வெக்கையா என்று எழுதுங்கள். பத்து நாள் எழுதின கொப்பியோடு ஒருவர் வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. விண்டோஸும் தன் பாட்டுக்கு ஒரு கொப்பி எழுதுகிறது: ஸ்டார்ட் மெனுவில் றிலையபிலிற்றி (reliability) என்று ஆங்கிலத்தில் தேடினால் எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்பு அடையாளத்தோடு காட்டும். விண்டோஸின் இன்னொரு பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கேர்னல் பவர் 41" என்று கண்டு பவர் சப்ளையை மாற்றினவர்கள் இருக்கிறார்கள். கடைசித் தரம் முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அந்த 41 சொல்லும். ஏன் அணைந்தது என்று சொல்லாது.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு அக்கா, வீட்டில் தட்டச்சு வேலை எடுக்கிறவர்: பகலில் பிரச்சினையே இல்லை. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு இரண்டு தரமாவது றீஸ்டார்ட் ஆகிறது. எழுதினதெல்லாம் போகிறது.

அக்கா, நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களே, அதுவே பதிலுக்குக் கிட்ட வந்துவிட்டது. பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட், ஃபான், ரிவி, அயன் பொக்ஸ் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். ட்ரான்ஸ்போமரில் இருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு வோல்ட் இறங்கும். வர வேண்டியது 230. மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டில் நானே மீற்றர் வைத்துப் பார்த்தேன்: பின்னேரம் நாலு மணிக்கு 226, இரவு ஏழரைக்கு 184. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் காணி வெல்டிங் கடையில் வேலை தொடங்கியது. லைட் ஒருக்காக் கண் சிமிட்டியது, கொம்பியூட்டர் அணைந்து திரும்ப எழும்பியது. வீட்டுக்காரர் அதுவரை அதை வைரஸ் என்றே நினைத்திருந்தார்.

நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி செக்கன். கரண்ட் அறுந்தால் ஒரு நல்ல பவர் சப்ளை தன் கொண்டென்சரில் இருக்கிற சேமிப்பை வைத்து ஏறக்குறைய 16 மில்லி செக்கன் தாக்குப் பிடிக்கும். மலிவான பெட்டியோடு இலவசமாக வருகிறதும் கொண்டென்சர் பழசானதும் அதைக்கூடத் தாங்காது. வோல்ட் ஏற்கெனவே இறங்கியிருந்தால் சேமிப்பும் குறைவு. அதனால்தான் நமக்கு வெறும் கண் சிமிட்டலாகத் தெரிவது கணினிக்கு மரணமாகிறது.

முதலில் ஒரு கரண்ட் வேலைக்காரரைக் கொண்டு பகலிலும் இரவிலும் அளந்து பாருங்கள். தெரு முழுக்க இறங்கினால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் முறையிட வேண்டும். நாலு வீட்டுக்காரர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் பலன் கூட. உங்கள் வீட்டில் மட்டும் இறங்கினால் வயறிங்கில் எங்கோ மூட்டு தளர்ந்திருக்கிறது. அது நெருப்புப் பிடிக்கிற விஷயம், கணினியை விட அதைத்தான் அவசரமாகப் பார்க்க வேண்டும். பிறகு யூபிஎஸ் வாங்குங்கள். வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கிக் கொடுக்கிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே யூபிஎஸ் இருக்கிறதென்றால் எல்லாவற்றையும் சேவ் பண்ணி மூடிவிட்டு, சுவரில் சுவிட்சை நிற்பாட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையென்றால் உள்ளே இருக்கிற 12 வோல்ட் பற்றரி முடிந்துவிட்டது. நம் வெக்கைக்கு அது இரண்டு மூன்று வருடம் இருந்தாலே பெரிய விஷயம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலத்தில் வதைபட்ட பற்றரிகள் என்றால் இப்போது வெறும் பாரம்தான்.

பழைய பவர் சப்ளையின் பின்பக்கம் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். வோல்ட் குறைவு என்று அதை 115க்குத் தள்ளிவிடாதீர்கள், வெடித்துவிடும்.

அளம்பிலில் இருந்து ஒரு ஐயா: சிபியு பெட்டியைத் தொட்டால் சுள்ளென்கிறது. அதற்கும் இது அடிக்கடி நிற்பதற்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம் ஐயா, ஆனால் முதலில் உயிருக்குத்தான் சம்பந்தம் உண்டு. எர்த் இல்லை என்று அர்த்தம். பவர் சப்ளைக்குள் இருக்கிற சிறு கொண்டென்சர்கள் கசிகிற கரண்டை எர்த் வயர் வழியாக மண்ணுக்கு அனுப்புவதுதான் ஒழுங்கு. வழி இல்லாவிட்டால் அது பெட்டியிலேயே நிற்கும், தொடுகிறவருடைய உடம்பு வழியாக இறங்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்ரரில் செருகியிருந்தால் அதை இன்றைக்கே கழற்றுங்கள். பொயின்ட் சரியாக இருந்தும் அடிக்கிறதென்றால் எர்த் கம்பியைப் பாருங்கள். கடற்கரை மணலில் கோடைக்கு மேல்மண் பொருபொருவென்று காய்ந்து விடும், காய்ந்த மண் கரண்டை வாங்காது. கம்பி ஈர மண் வரை ஆழமாக இறங்கியிருக்க வேண்டும், அதன் மூட்டும் உப்புக் காற்றுக்குத் துருப்பிடித்திருக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதில் இருக்கிற சோதனைப் (Test) பொத்தானை அழுத்திப் பாருங்கள். இதெல்லாம் சரியாகும் வரை பேரப்பிள்ளைகளை வெறுங்காலோடு அந்தப் பெட்டிக்குக் கிட்ட விடாதீர்கள்.

விசுவமடுவில் இருந்து ஒரு அம்மா, மகன் எழுதிக் கொடுத்தது: எங்களுடைய அல்பங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் தங்களிடம் இருந்த படங்களை ஸ்கான் பண்ணி அனுப்பினார்கள். எல்லாம் இந்தக் கொம்பியூட்டரில்தான். இப்போது படக் கோப்புறையைத் திறந்தால் நின்றுவிடுகிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம்.

அம்மா, இதை வாசித்த உடனே கணினியை அணையுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். அந்தச் சத்தம் ஹாட் டிஸ்க் வாசிக்க முடியாமல் தட்டுகிற சத்தம். ஒவ்வொரு தரம் போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறீர்கள். யாராவது "செக் டிஸ்க் ஓட விடுவோம்", "போமட் அடித்தால் சரிவரும்" என்று சொன்னால் கொடுக்காதீர்கள். செக் டிஸ்க் என்கிற விண்டோஸின் பிழை திருத்தி நல்ல டிஸ்க்குக்குரிய மருந்து. சாகிற டிஸ்க்கில் அதை ஓட விட்டால் மிச்சத்தையும் தேய்த்துவிடும்.

தம்பி, நீங்கள் அம்மாவோடு சேர்ந்து செய்ய வேண்டியது இதுதான். டிஸ்க்கைக் கழற்றி, பழுதான டிஸ்க்கில் இருந்து பிரதி எடுத்துப் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். விண்டோஸ் தொடங்காமல், லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் டிடிறெஸ்கியூ (ddrescue) மாதிரி ஒரு பிரதி எடுக்கிற மென்பொருளைக் கொண்டு, சுகமாக வாசிக்கக் கூடிய பகுதிகளை முதலில் எடுத்து, கடினமானதைக் கடைசியில் முயல்வார்கள். அதுவும் சரிவராவிட்டால் டிஸ்க்கைத் திறந்து எடுக்கிற இடம் கொழும்பில் உண்டு, செலவு கூட. இதற்கிடையில் படம் அனுப்பின சொந்தக்காரருக்கு ஒரு கோல் எடுங்கள். மூலப் படம் அவர்களிடம் இன்னும் இருக்கக் கூடும். ஈமெயிலில் அனுப்பியிருந்தால் அங்கேயும் கிடக்கும்.

மற்ற எல்லோருக்கும் சொல்கிறேன்: நிற்கத் தொடங்கின கணினியில் முதல் வேலை படங்களையும் காணி உறுதி ஸ்கான்களையும் வெளியே எடுப்பது. இரண்டு பிரதி, இரண்டு வேறு இடம். பிறகு டிஸ்க்கின் சுகத்தைக் காட்டுகிற கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலம் என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் பழுதான செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள்) எண்ணப்படத் தொடங்கியிருக்கின்றன, புது டிஸ்க்குக்குக் காசு சேர்க்க வேண்டிய நேரம். அதில் 199ஆம் இலக்க வரி (C7 என்றும் காட்டும்) மட்டும் ஏறிக்கொண்டு போனால் டிஸ்க்கில் பிழை இல்லாமலும் இருக்கலாம், டிஸ்க்கை மதர்போட்டோடு இணைக்கிற சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஐந்நூறு ரூபா கேபிளுக்குப் பதிலாக டிஸ்க்கை மாற்றினவர்கள் எத்தனையோ பேர்.

மாங்குளத்தில் இருந்து: மத்தியானம் கேம் விளையாடினால் இருபது நிமிடத்தில் முழுதாக அணைகிறது. உடனே போட்டால் எழும்பாது, கொஞ்சம் பொறுத்தால் எழும்பும்.

சூடுதான். வேறு யோசிக்க வேண்டாம். உங்கள் பக்கத்துச் செம்மண் புழுதியும் கிரவல் தூசியும் ஃபானுக்கும் அதன் கீழே இருக்கிற அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் படிந்து கம்பளி மாதிரி ஆகிவிடும். மேலே இருந்து பார்த்தால் ஃபான் சுற்றும், காற்று உள்ளே இறங்காது. போன கிழமை ஒரு பெட்டியில் அந்தப் படையை முழுதாக உரித்து எடுத்தேன், அப்படியே சதுரமாக, சிவப்பாக, கையில் வந்தது.

பிளக்கைக் கழற்றிவிட்டு முற்றத்தில் வைத்து, காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள். ஊதுகிற மெசின் பிடித்தால் ஃபானை விரலால் மறித்துப் பிடியுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் அதன் பெயாரிங் போய்விடும். ரயர் கடைக் கொம்பிரஷருக்குக் கொண்டு போகாதீர்கள், அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். ஐந்தாறு வருடமாகத் திறக்காத பெட்டியென்றால் புரொசெசருக்கு மேல் பூசுகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், துடைத்துப் புதிதாக ஒரு பயறளவு வையுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றின பிறகும் அதற்குள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். அதற்குள் பல்லி செத்துக் கிடந்து ஷோட் ஆனதையும் கண்டிருக்கிறேன், பின்பக்கத் துவாரம் திறந்திருந்தால் மூடி விடுங்கள்.

தருமபுரத்தில் இருந்து ஏ.எல். படிக்கிற தங்கச்சி: நீலத் திரை வருகிறது. ஒவ்வொரு தரமும் வேறு வேறு பெயர். ஒரு நாள் "மெமறி மனேஜ்மென்ட்" என்றும் இருந்தது.

ஒவ்வொரு தரமும் ஒரே பெயர், ஒரே கோப்பு என்றால் டிரைவரைச் சந்தேகிப்பேன். பெயர் மாறிக்கொண்டே இருந்தால் றாம்தான் முதல் ஆள். கணினியை அணைத்து, வயரைக் கழற்றி, றாமின் இரண்டு பக்கக் காதையும் விரித்து எடுங்கள். கீழே இருக்கிற பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். அழிறப்பர் கறுக்கும், பற்கள் மினுங்கும். துகளைத் துடைத்துவிட்டு "டக்" என்று இரண்டு காதும் பூட்டும் வரை அழுத்திப் போடுங்கள். மழை நாளில் ஈரம் ஏறுகிற வீடுகளில் இது ஒன்றே பல பெட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. பிறகும் வந்தால் றாமைச் சோதிக்கிற மெம்ரெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டை நம்பக் கூடாது. இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு எது குற்றவாளி என்று பிடிக்கலாம். பரீட்சை கிட்ட வருகிறதென்றால் நோட்ஸை இப்போதே போனுக்கு மாற்றி வையுங்கள் தங்கச்சி.

ஒட்டுசுட்டானில் இருந்து: சோலரில் ஓடும்போது மட்டும் நிற்கிறது. கரண்டில் பிரச்சினை இல்லை.

இன்வேட்டரின் விபரத்தில் "பியூர் சைன்" (வெட்டில்லாமல் சீராக வளையும் அலை) என்று இருக்கிறதா பாருங்கள். மலிவானவை படிக்கட்டு மாதிரி வெட்டின அலையைத்தான் கொடுக்கும், சில பவர் சப்ளைகளுக்கு அது ஒத்துவராது.

துணுக்காயில் இருந்து: ஒவ்வொரு தரம் போடும்போதும் திகதி பிழையாக வருகிறது, சில நேரம் தொடங்காமலே நிற்கிறது.

மதர்போட்டில் இருக்கிற வட்டப் பற்றரி, சிஆர்2032. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். முதலில் அதை மாற்றிவிட்டுப் பிறகு பேசுவோம்.

நெடுங்கேணியில் இருந்து ஒரு ஆசிரியர்: விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் இல்லை என்று 11 போட்டுத் தந்தார்கள். 4 ஜிபி றாம். இப்போது எதைத் திறந்தாலும் நின்று நின்று போகிறது.

சேர், அவர்கள் சொன்னது சரி. 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்குரிய வழமையான ஆதரவு முடிந்தது. 11க்கு 4 ஜிபி போதும் என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் அது தொடங்க மட்டும்தான் போதும். றாமை 8 ஆக்குங்கள், பழைய சுற்றுகிற டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி (சுற்றுகிற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். இரண்டுக்கும் காசு இல்லையென்றால் முதலில் எஸ்எஸ்டி. பள்ளிக்கூட வேலைக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட்டும் போதும், தமிழ்த் தட்டச்சு அதிலும் நன்றாக வேலை செய்யும்.

முள்ளியவளையில் இருந்து: போன ஐப்பசியில் மின்னல் அடித்ததற்குப் பிறகுதான் இது தொடங்கியது. யூபிஎஸ் இருந்தும் எப்படி?

மின்னல் வருகிற பாதை கரண்ட் வயர் மட்டும் இல்லை. ரெலிபோன் லைனால் ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து லான் கேபிளால் மதர்போட்டுக்குள் இறங்கியிருக்கும். லான் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட விடுங்கள். நிற்காவிட்டால் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக் கூடிய அமைப்புப் பக்கம்) மதர்போட்டில் இருக்கிற லானை அணைத்துவிட்டு ஒரு யூஎஸ்பி வைஃபை போட்டுக்கொள்ளுங்கள், மதர்போட்டை மாற்ற வேண்டியதில்லை. கழற்றியும் நிற்கிறதென்றால் பெட்டியின் பக்க மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பாருங்கள். புரொசெசரைச் சுற்றி நிற்கிற சின்னச் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று ரின் மீன் மூடி மாதிரி உப்பியிருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதை மாற்றிப் பற்றவைக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மழை இருட்டினால் கரண்ட் பிளக்கோடு ரவுட்டரின் லைனையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள்.