பைஜாமா என்ற சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது?

பைஜாமா பாரசீகச் சொல். 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. (நாம் விரித்துப் படுக்கும் பாய்க்கும் இதற்கும் உறவில்லை.) இரண்டும் சேர்ந்தால் காலுக்கான உடை. நம் 'கால்சட்டை' என்ற சொல்லும் அச்சு அசலாக இதே கட்டமைப்புதான். அதை நினைவில் வைத்தால் இது மறக்காது.

அப்படியானால் தூங்கும்போது போடும் உடை என்ற பொருள் எங்கே வந்தது? பெயரில் தூக்கமே இல்லை. இடுப்பில் நாடா கோத்துக் கட்டும் இந்தத் தளர்வான உடையை வட இந்தியாவில் பகலில்தான் உடுத்தினார்கள். இன்றும் குர்தாவோடு பைஜாமா அணிந்து கல்யாணத்துக்கே போகிறார்கள். இங்கே வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்கு அது வெயிலுக்கு இதமாக இருந்தது. வீட்டுக்குள்ளும் படுக்கையிலும் போட்டுப் பழகி, 19ஆம் நூற்றாண்டில் தங்கள் ஊரான இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார்கள். அங்கே ஆண்கள் அதுவரை நீண்ட இரவுச் சட்டையில் தூங்கியவர்கள். மெல்ல அதன் இடத்தை இது பிடித்தது. மேல்சட்டையும் சேர்ந்து, முழு ஜோடிக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

சொல் ஊர் மாறும்போது பொருளும் நகர்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் கட்டுமரமும் ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டதே!

பலர் நினைப்பதுபோல் பைஜாமா ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்த சொல் அல்ல. இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.