வீடியோவுக்கு முன்னால் அந்தப் பட்டன்கள்

கேள்வி: நான் பார்வை மாற்றுத்திறனாளி. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்காக என்னை வைத்து 'இருளை வென்ற சாதனைப் பெண்' என்று வீடியோ எடுக்கப்போகிறார்களாம். ஆனால் அலுவலகத்தில் புதிதாக வந்த மென்பொருளை, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என் திரைவாசிப்பானால் படிக்க முடியவில்லை. எட்டு மாதமாகக் கேட்கிறேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. (அது படிக்கும் ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன்.) வீடியோவுக்கு மறுத்தால் நன்றி கெட்டவள் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, 'நன்றி' என்ற சொல்லை முதலில் இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் வேலை செய்கிறீர்கள், அவர்கள் சம்பளம் தருகிறார்கள். கணக்கு நேராகிவிட்டது.

உங்கள் ஒலிப்பதிவைக் கேட்டேன். "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போகிறது. எதை அழுத்தினால் கணக்கு சேமிக்கப்படும், எதை அழுத்தினால் அழிந்துபோகும்? கேட்ட எனக்கே நெஞ்சு படபடத்தது. திரைவாசிப்பான் பட்டன் மேலிருக்கும் படத்தைப் பார்ப்பதில்லை, அதன் பின்னால் எழுதிவைத்த பெயரைத்தான் படிக்கும். உங்கள் மென்பொருளை எழுதியவர்கள் அந்தப் பெயர்களை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுதிச் சேர்த்தால் தீரக்கூடிய குறை. அது தீராதவரை நீங்கள் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பிறகு பதவி உயர்வு வரும்போது, "அவருக்கு எப்போதும் துணை வேண்டுமே" என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், 2014-இல் ஆற்றிய உரையில், படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாகிவிடாது என்றார். அன்றாட வேலையைச் செய்யும் மாற்றுத்திறனாளியை, மற்றவர்கள் பார்த்து உற்சாகமடையும் காட்சிப்பொருளாக்குவதைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். உங்களுக்கு வைத்திருக்கும் தலைப்பும் அந்த ரகம்தான். உலகில் ஆறு பேரில் ஒருவர் குறிப்பிடத்தக்க உடற்குறைபாட்டுடன் வாழ்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறில் ஒருவர் அலுவலகம் வந்து கணக்கு பார்ப்பதில் என்ன சாதனை?

வீடியோவுக்குச் சம்மதியுங்கள் என்றே சொல்வேன். ஆனால் அவர்கள் எழுதிவைத்த கதைக்கு முகம் கொடுக்காதீர்கள். தலைப்பு மாற வேண்டும், பேசப்போவதை முன்கூட்டியே உங்களுக்குக் காட்ட வேண்டும், நீங்கள் முடித்த தணிக்கை வேலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். காட்சிகளை விவரிக்கும் குரலும் இருக்கட்டும். உங்களைப் பற்றிய வீடியோவில் என்ன தெரிகிறது என்று நீங்களே இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்ன நியாயம்? கூடவே அந்தப் "பட்டன்... பட்டன்..." ஒலியையும் அரை நிமிடம் சேர்க்கச் சொல்லுங்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்வோம் என்பதை நிர்வாகமே அதில் அறிவிக்கட்டும்.

மென்பொருளுக்கு மனிதவளத் துறைக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தின் 27-வது பிரிவு, பணியிடத்தில் தேவையான நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. அதை மறுப்பதே பாகுபாடு என்கிறது 2-வது பிரிவு. இரண்டையும் குறிப்பிடுங்கள்.

நிபந்தனைகளுக்கு அவர்கள் இணங்காவிட்டால், வீடியோ வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இந்தக் கடிதத்தை மட்டும் அதற்காகக் காத்திராமல் இன்றைக்கே அனுப்புங்கள். எனக்கு அனுப்பிய ஒலிப்பதிவையும் இணைத்துவிடுங்கள்.