அப்பாவின் வலது நுரையீரலைச் சுருக்குவது பற்றி

தண்டையார்பேட்டை தம்பி, இதயத்தின் இடது பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வை மாற்றும்போது அப்பாவின் வலது நுரையீரலைச் சுருக்குவார்கள் என்றதும் பயந்துவிட்டீர்கள். வலது விலா இடுக்கில் சின்னதாகத் திறந்து செய்வதால், நுரையீரல் உப்பி நின்றால் இதயமே தெரியாது. அதற்குத்தான் வாய் வழியே மூச்சுக்குழாயில் விடும், இரண்டு பாதை உள்ள இரட்டைக் குழாய். இடது பக்கம் மட்டும் காற்று போகும். பம்ப் (இதய-நுரையீரல் மெஷின்) ஓடும்போது இரண்டுக்குமே ஓய்வுதான், மெஷினே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றிவிடும். பம்பை நிறுத்தியபின் ரத்தக்கசிவு பார்க்க மறுபடி சுருக்கும்போதுதான் மயக்கம் கொடுக்கும் எங்கள் கண் மானிட்டரை விட்டு நகராது. ஆக்சிஜன் இறங்கினால் வேலையை நிறுத்தச் சொல்லி இரண்டையும் ஊதுவோம்.

அப்புறம், பழைய டிபி, பீடி இருந்தால் மயக்க டாக்டரிடம் மறைக்காதீர்கள் (வியாசர்பாடியில் என் மாமாவே மறைத்தார்). ஆடும் பல்லையும் சொல்லுங்கள். வாய் வழியே போகும் அந்தக் குழாய் கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன்.